கோர்வை விட்ட இடம்

அம்மாவின் கல்யாணப் புடவையில் ஒரு குறை இருக்கிறது. அரக்கு உடல், பச்சைக் கரை. முந்தானையிலிருந்து ஒரு முழம் உள்ளே, உடலும் கரையும் சேரும் கோட்டில், ஓர் அரிசி நீளத்துக்குப் பிளவு. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். 1986இல் வாங்கியது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்த பிறகுதான் கண்ணில் பட்டிருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "கையால நெய்யறதும்மா, அப்படித்தான் இருக்கும். அதுதான் அசலுக்கு அடையாளம்" என்றாராம் கடைக்காரர். அம்மா இந்தக் கதையை இத்தனை வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, பெருங்குடியிலிருந்து வண்டலூர், ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போனேன். நண்பனின் தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வேண்டும். கடைகளுக்குப் போவதற்கு முன்னால் பிள்ளையார்பாளையத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டில் தறியைப் பார்க்கலாம் என்று கூட்டிப்போனான். பேச்சுவாக்கில் அம்மாவின் புடவையை போனில் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பிளவில் நிறுத்தினார்.

"பத்து ஊடை இருக்கும். கோர்வை விட்டுப்போச்சு" என்றார். பிறகு, "பையன் தூங்கியிருப்பான் தம்பி."

"எந்தப் பையன்?"

"கோர்வை போடுற பையன். பாதித் தூக்கத்துல நாடாவைக் கோக்காமலே திருப்பிக் கொடுத்திருப்பான். நானும் அப்படித் தூங்கினவன்தான். எட்டு வயசு."

அசலுக்கு அடையாளம் என்று கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது எதற்கு அடையாளம் என்பதை அவர் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பத்து ஊடையைப் பற்றியது.

1

கோர்வை என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். புடவையைக் கட்டுகிறவர்களில் பலருக்கும்கூட இது தெரிவதில்லை.

துணி என்பது இரண்டு நூல்களின் பின்னல். நீளவாக்கில் தறியில் கட்டப்பட்டிருப்பது பாவு. குறுக்கே நாடாவில் போய்வருவது ஊடை. உடல் அரக்கு, கரை பச்சை என்று ஒரு புடவை வேண்டுமென்றால், பாவில் நடுவே அரக்கு இழைகளையும் ஓரங்களில் பச்சை இழைகளையும் கட்டிவிடலாம். அது சுலபம். சிக்கல் ஊடையில்தான். அரக்கு ஊடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டினால், கரைக்குள்ளும் அரக்கு புகுந்துவிடும். பச்சைப் பாவும் அரக்கு ஊடையும் கலந்து, கரை பச்சையாகவும் இருக்காது, அரக்காகவும் இருக்காது.

கரை சுத்தமான பச்சையாக வேண்டுமென்றால், அரக்கு ஊடை கரையின் விளிம்போடு நின்று திரும்ப வேண்டும். அங்கிருந்து பச்சை ஊடை தொடங்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கொக்கி போலப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் அந்த இடம் பிளந்து நிற்கும். இந்தப் பிடிப்புதான் கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைகளுக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. காஞ்சிப் புடவையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் கோபுரம் கோபுரமாக, ரம்பப் பல் மாதிரி ஒரு வரிசை ஓடும் அல்லவா? அது பெரும்பாலும் இந்தச் சேர்க்கையையே அலங்காரமாக மாற்றிக்கொண்ட வடிவம்.

முந்தானைக்கும் வேறு நிறம் வேண்டுமென்றால் இன்னொரு வேலை இருக்கிறது. பெட்னி என்பார்கள். பழைய நிறப் பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய நிறப் பாவின் இழையைச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாக. ஆனால் பெட்னி ஒரு புடவைக்கு ஒரு தடவைதான். கோர்வை ஒவ்வொரு வரியிலும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், 5.5 மீட்டர் புடவையில் ஏறத்தாழ 13,000 வரி. நெசவாளர் பள்ளத்தில் கால் மிதித்துத் தறியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அகலமான கரை வலது கோடியில் இருக்கிறது. அவர் கை அங்கே சரியாக எட்டாது. அதனால் அந்தக் கோடியில் இன்னொருவர் உட்கார்ந்து, உடல் நாடாவை வாங்கி, கரை நாடாவோடு கோர்த்து, திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு புடவை முடிவதற்குள் ஆயிரக்கணக்கான கைமாற்றங்கள். அவருக்கு உயரம் வேண்டியதில்லை, பலமும் வேண்டியதில்லை. சின்ன விரல்கள் இருந்தால் இன்னும் வசதி.

அந்த இடத்தில்தான் எட்டு வயதுப் பையன் உட்கார்ந்தான். சில வீடுகளில் எட்டு வயதுப் பெண்.

2

காஞ்சிபுரத்தில் நெசவு எவ்வளவு பழையது என்று கேட்டால் நல்ல ஆதாரம் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகச் செப்பேடு என்று அழைக்கப்படும் உத்தம சோழனின் செப்பேடு, 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஊரகம் என்னும் உலகளந்த பெருமாள் கோயிலின் நிர்வாகம் பற்றியது. கச்சிப்பேட்டில் இருந்த நெசவாளர் குடியிருப்புகளை அது குறிப்பிடுகிறது. அங்கிருந்த பட்டசாலிகளிடம் கோயில் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு இருந்ததும் அதிலிருந்து தெரிகிறது. நெசவாளர் என்றால் தறியில் குனிந்தபடி கிடந்தவர் என்கிற சித்திரத்தை அந்தச் செப்பேடு கலைத்துவிடுகிறது. கோயில் காரியங்களை நம்பி ஒப்படைக்கிற அளவுக்கு அந்தச் சமூகத்துக்கு நிலை இருந்திருக்கிறது.

ஆனால் அந்தச் செப்பேட்டிலிருந்து அம்மாவின் புடவைக்கு ஒரே கோடு போட்டுவிட முடியாது. 'பட்ட' என்ற சொல்லுக்குப் பட்டு என்றும் பொருள் உண்டு, துணி என்றும் உண்டு. பிற்காலத்தில் இந்தப் பகுதியின் பேர்போன சரக்கு பருத்திதான். 1639இல் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையில் இடம் பிடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இங்கே துணி மலிவாகக் கிடைத்தது. கம்பெனி தனக்கு வேண்டிய நெசவாளர்களைப் பக்கத்திலேயே குடியமர்த்திக்கொண்டது. காலாடிப்பேட்டை என்று நாம் சொல்வது காலெட் என்ற ஆளுநர் பெயரால் வந்த நெசவாளர் குடியிருப்பு. 1734இல் உருவான சிந்தாதிரிப்பேட்டை, சின்னத் தறிப் பேட்டை. சென்னை என்கிற நகரமே துணிக்காக உண்டானதுதான்.

இன்று 'காஞ்சிப் பட்டு' என்றதும் நம் கண்ணில் வரும் புடவை, அதாவது தடித்த பட்டு, அகலமான எதிர்நிறக் கரை, கனத்த ஜரிகை முந்தானை, இந்த அளவுக்குப் பரவியது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் கதை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. காஞ்சிபுரத்தில் பட்டுப்பூச்சி வளர்ப்பது கிடையாது. பட்டு நூல் கொள்ளேகாலிலிருந்தும் மைசூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஜரிகை சூரத்திலிருந்து. வாங்குகிறவர்கள் சென்னையில். காஞ்சிபுரத்தின் சொந்தச் சரக்கு என்று இருந்தது கைகள் மட்டும்தான்.

சென்னையில் வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். தியாகராய நகர் உருவான காலம் அது. காஞ்சிபுரத்துக் குடும்பம் ஒன்று பனகல் பார்க் அருகே 1928இல் தொடங்கிய நல்லி கடை பெயரோடு சேர்த்தே அந்த ஆண்டைச் சொல்கிறது. 1935இல் மாகாண அளவில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது, இன்றைய கோ-ஆப்டெக்ஸ். ருக்மிணி தேவி 1936இல் அடையாறில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கி, அடுத்த ஆண்டே அதில் நெசவுக்கூடத்தையும் ஆரம்பித்தார். பழைய வடிவங்களைத் தேடி எடுத்து, ஜரிகையைக் குறைத்து, அகலக் கரையை முன்னால் வைத்தார். 'கலாக்ஷேத்திரா புடவை' என்றே ஒரு வகை உண்டானது. நாட்டிய மேடையிலும் சபாக்களிலும் அந்த அகலக் கரை நல்ல ரசனைக்கு அடையாளமானது. கலாக்ஷேத்திரா இப்போது இருக்கும் திருவான்மியூர் என் அலுவலகத்திலிருந்து சில கிலோமீட்டர்தான்.

அகலக் கரை என்றால் கோர்வை. கோர்வை என்றால் வலது கோடியில் இன்னோர் ஆள். ரசனை சென்னையில் வளர வளர, அந்த இடத்தில் உட்காரக் காஞ்சிபுரத்தில் ஆள் தேவைப்பட்டது.

3

என்னைப் போலப் பொறியியல் படித்தவர்களுக்கு நெசவு என்றதும் ஞாபகம் வருவது ஒரே பெயர்தான்: ஜக்கார்டு. முதல் வருடப் பாடப்புத்தகத்தில் ஒரு பெட்டிச்செய்தியாக வந்திருக்கும். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறி அமைப்பைக் கொண்டுவந்தார். துளை இருந்தால் இழை மேலே, இல்லாவிட்டால் கீழே. அந்த அட்டைகளைத்தான் 1830களில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்ள நினைத்தார். 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பாபேஜிடம் இருந்தது. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித் துளை அட்டையைப் பயன்படுத்தினார். ஆகவே கணினியின் பாட்டி தறி. இந்தக் கதையை அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கதையில் நான் சொல்லாமல் விட்டது, ஜக்கார்டு யாருடைய வேலையை இல்லாமல் ஆக்கினார் என்பது. அதற்கு முன்பிருந்த தறியில், வடிவத்துக்கு ஏற்ற இழைகளைத் தூக்குவதற்குக் கயிறுகளை இழுக்க ஓர் உதவியாள் வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் சிறுவர்கள் செய்தார்கள். ஜக்கார்டின் அப்பாவும் நெசவாளர். அவரே சின்ன வயதில் கயிறு இழுத்தவர் என்று சொல்வார்கள். துளை அட்டை வந்ததும் அந்தச் சிறுவன் தேவைப்படவில்லை. தறியைக் கணினியாக்கியது ஜக்கார்டின் நோக்கம் இல்லை. பக்கத்தில் நின்ற சிறுவனின் வேலையை அட்டைக்கு மாற்றியதுதான் அவர் செய்தது.

காஞ்சிபுரத்திலும் அதற்கு ஈடான ஒன்று இருந்தது. அடை என்பார்கள். வடிவத்தை நூல்களாகவே கட்டிவைத்துக்கொண்டு, வரிக்கு வரி அந்த நூல்களை இழுத்துப் புட்டாவும் கரை வேலைப்பாடும் போடுகிற முறை. ஒரு வடிவத்தை நூல் முடிச்சுகளில் சேமித்துவைப்பது என்றால், அதுவும் நிரல்தான். துளை அட்டைக்குக் கொஞ்சமும் குறைந்த யோசனை இல்லை. அதை இழுக்கவும் ஒருவர் வேண்டியிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஜக்கார்டு பெட்டி காஞ்சிபுரத்துக்கு வந்தது. தறிக்கு மேலே மரச்சட்டத்தில் ஏறி உட்கார்ந்தது. அட்டைக் கோர்ப்பு தொங்க ஆரம்பித்தது. அடை இழுப்பவர் எழுந்து போனார்.

இங்கேதான் எனக்கு விஷயம் உறைத்தது. ஒரு தறியில் இரண்டு உதவியாளர்கள் இருந்தார்கள். ஒருவர் வடிவத்துக்கு, இன்னொருவர் கோர்வைக்கு. ஜக்கார்டு முதலாமவரை அனுப்பிவிட்டது. இரண்டாமவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏனென்றால் ஜக்கார்டு தீர்த்தது லியோனின் பிரச்சினையை. கோர்வை நம்முடைய பிரச்சினை. அதைத் தீர்க்கும் கருவியை லியோனில் யாரும் செய்து அனுப்பப் போவதில்லை.

அதற்கும் முன்னால், 1733இல் இங்கிலாந்தில் ஜான் கே கொண்டுவந்த விசை நாடாவும் இப்படித்தான். கயிற்றைச் சுண்டினால் நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் போன்ற அதிகாரிகள் அதை மதராஸ் மாகாணத்தில் பரப்பப் பெரிதும் முயன்றார்கள். பருத்தி நெசவில் அது பெரிய மாற்றம். ஆனால் கோர்வையில் நாடா பாதியில் நிற்க வேண்டும். கோடிக்குக் கோடி பறக்கும் நாடாவுக்கு அங்கே வேலை இல்லை.

நுட்பமான காரியம், அதனால் இயந்திரம் வரவில்லை என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி எளிமையானது. அந்தக் கை மிக மலிவாக இருந்தது. எங்கள் தொழிலிலும் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு வேலையைச் செய்ய ஆள் சல்லிசாகக் கிடைத்தால் அதற்கு யாரும் நிரல் எழுத மாட்டார்கள். "அவரே பண்ணிடுவாரு, விடு" என்பார்கள்.

4

அந்தக் கை ஏன் மலிவாக இருந்தது?

புடவைக்குக் கூலி நெசவாளருக்குத்தான். கோர்வை போடுகிறவருக்கு அவர்தான் தன் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும். நெசவாளரே கடனில் இருப்பவர். முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் தறியே ஓடுகிறது. அதனால் சொந்தப் பிள்ளையை உட்காரவைத்தால் காசு மிச்சம். பிள்ளை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டுக்கு ஒரு கல்யாணச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவோ வரும்போது இரண்டாயிரமோ மூவாயிரமோ முன்பணம் கொடுத்தால், அது அடையும்வரை பிள்ளை இங்கே வரும். பெரும்பாலும் அது அடையாது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது, அம்மாவின் கல்யாணம் நடந்த அதே வருடம். குழந்தைகளை வைத்துச் செய்யக்கூடாத வேலைகளின் பட்டியலில் நெசவும் இருந்தது. ஆனால் ஒரு விலக்கும் இருந்தது: குடும்பத்தினரின் உதவியோடு வீட்டிலேயே நடக்கும் தொழிலுக்கு அந்தத் தடை பொருந்தாது. காஞ்சிபுரத்தில் தறி இருக்கும் இடமே வீடுதான். திண்ணையைத் தாண்டி உள்ளே போனால் கூடத்தில் குழி, குழியில் தறி. சட்டம் வாசல் வரை வந்து நின்றுவிட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டால் அக்கா பையன் என்று சொல்லிவிடலாம்.

2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் உண்டு. முன்பணம், விடிகாலையில் தொடங்கும் வேலை, குழியின் ஈரம், அடி என்று நெசவாளர்கள் சாதாரணமாகச் சொல்லும் அதே விஷயங்கள் அதிலும் இருக்கின்றன. இரண்டு வருடம் கழித்து, 2005இல், காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரைக் காப்பாற்றும் சட்ட முத்திரை. கோர்வை அந்தப் பெருமையின் ஒரு பகுதி.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். மகளுக்குப் பட்டு கட்டிக் கல்யாணம் பண்ணிவைப்பதாக வாக்குக் கொடுத்த நெசவாளர், வேலை செய்யும் இடத்திலிருந்து இழை இழையாகத் திருடுகிறார். நெய்கிறவனுக்குக் கட்ட முடியாத பட்டு என்பதுதான் படத்தின் துயரம். நானும் அதைப் பார்த்துக் கலங்கினேன். ஆனால் நெய்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று யோசிக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

தமிழ்நாட்டு அரசியலிலும் நெசவாளரின் துயரத்துக்குப் பெரிய இடம் உண்டு. அண்ணா காஞ்சிபுரத்தில் நெசவாளர் சமூகத்தில் பிறந்தவர். 1950களின் தொடக்கத்தில் கைத்தறி தேங்கியபோது தி.மு.க. தலைவர்கள் தெருவில் துணி சுமந்து விற்றார்கள். அதே நேரத்தில் ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கு ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் மல்லுக்கு நின்றார். எதிரெதிர் முகாம்களை ஒரே பக்கம் நிற்கவைத்த விஷயம் அது. அந்தக் கோரிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1985இல் கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கும் சட்டமே வந்தது. இவ்வளவு பேச்சிலும் நெசவாளர் என்றால் ஒரே ஆள்தான். தறிக்கு ஒருவர். இரண்டாவது ஆள் எந்தக் கோரிக்கையிலும் தனியாக வரவில்லை.

5

அந்தப் பையன்கள் எப்போது எழுந்து போனார்கள்?

ஒரே நாளில் இல்லை. பள்ளிக்கூடமும் சத்துணவும் கொஞ்சம் இழுத்தன. அதிகாரிகளின் சோதனை கொஞ்சம் பயமுறுத்தியது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. எல்லாவற்றையும்விட, பக்கத்தில் வேறு வேலை வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014இல் மூடியது. ஒரகடம் நிரம்பியது. காலையில் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வந்தது. மாதம் பிறந்தால் சம்பளம். குழிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நான் அன்று வந்த வழியெல்லாம் இருந்தது அந்தத் தொழிற்சாலைகள்தான்.

இன்று கோர்வைத் தறியின் வலது கோடியில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நெசவாளரின் மனைவி. நான் பார்த்த வீட்டிலும் அப்படித்தான். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நடுவில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே நாடாவை வாங்கிக் கொடுத்தார். அவர் எழுந்து போனால் தறி நின்றுவிடும். "அவங்க இல்லாட்டி நான் சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றார் கணவர். சங்கப் புத்தகத்தில் யார் பேர் இருக்கிறது என்று கேட்டேன். "என் பேர்தான்."

நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் கைத்தறியில் பெண்கள்தான் அதிகம். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி மொத்தம் 35 லட்சம் பேர், அதில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். இந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு வடகிழக்கிலிருந்து வருவது. அசாமில் தறி என்பது பெண்களுடையது. பிரம்மபுத்திராக் கரையில் சுவால்குச்சி என்று ஒரு பட்டு நெசவு ஊர் உண்டு. மேகலா சாதர் நெய்கிற ஊர். 2013இல் வாரணாசியிலிருந்து வந்த மலிவான போலிகளை எதிர்த்து அந்த ஊரே தெருவுக்கு வந்தது. அங்கே பெண் நெசவாளர் என்று சொல்லத் தனியாக ஒரு சொல் தேவையில்லை. காஞ்சிபுரத்திலோ ஆண் நெய்கிறார், பெண் 'கூடமாட இருக்கிறார்'. தார் சுற்றுவது, இழை பிரிப்பது, கோர்வை போடுவது எல்லாம் அந்தக் கூடமாடவில் அடக்கம்.

பையன் போய்விட்டதால் கோர்வையும் குறைந்துகொண்டே வருகிறது. உதவிக்கு ஆள் இல்லாத தறியில் ஊடையைக் கோடி வரை ஓட்டிவிடுகிறார்கள். கரை கொஞ்சம் கலந்த நிறமாக இருக்கும், வேலை பாதியாகக் குறையும். கடையில் இரண்டும் ஒரே அடுக்கில் இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் புடவையைத் திருப்பிப் பாருங்கள். கரையின் பின்புறம் கரையின் சொந்த நிறம் மட்டுமே இருந்து, சேரும் கோட்டில் இரண்டு நிற ஊடையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு திரும்பினால் அது கோர்வை.

'அழிந்துவரும் கலை' என்று தலைப்பு வைத்த கட்டுரைகளை நிறைய வாசித்திருக்கிறேன். வருத்தமான புகைப்படம், காலியான தறி, வயதான கைகள். நானும் அப்படி ஒன்றை எழுதத்தான் காஞ்சிபுரத்தில் குறிப்பு எடுத்தேன். இப்போது அந்தத் தலைப்பை வைக்க முடியவில்லை. எட்டு வயதுப் பையன் பள்ளிக்கூடம் போனதால் ஒரு கலை அழிகிறது என்றால், அந்தக் கலை எதன்மேல் நின்றுகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும். அதே சமயம், "போகட்டும், நல்லது" என்றும் சொல்லிவிட முடியவில்லை. கோர்வை போனால் அந்த மனைவியின் வேலையும் போகும், அவர் கணவரின் வேலைக்கு இருக்கும் மதிப்பும் போகும். கோர்வை இல்லாத புடவையில் விசைத்தறியோடு போட்டி போட்டு அவரால் நிற்க முடியாது.

6

தெலங்கானாவில் சிந்தகிண்டி மல்லேசம் என்று ஒருவர் இருக்கிறார். ஆலேர் பக்கத்து நெசவாளர் குடும்பம். போச்சம்பள்ளிப் புடவைக்குச் சாயம் கட்டுவதற்கு முன்னால் நூலை ஆணிகளில் சுற்ற வேண்டும். ஆசு என்பார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான தடவை கையை நீட்டி மடக்க வேண்டும். அவர் அம்மாவுக்குத் தோள் விட்டுப்போனது. பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய மல்லேசம், வருடக்கணக்கில் கடன்பட்டு, கேலிபட்டு, அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் செய்தார். அம்மா பெயரையே வைத்தார், லட்சுமி ஆசு இயந்திரம். 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இயந்திரம் வந்ததால் போச்சம்பள்ளிப் புடவை போலியாகிவிடவில்லை. தறியில் அதைக் கையால்தான் நெய்கிறார்கள். தோள்வலி மட்டும்தான் குறைந்தது.

கோர்வைக்கு ஏன் ஒரு மல்லேசம் வரவில்லை என்று நெசவாளரிடம் கேட்டேன். மிதிக்கிற பாரத்தைக் குறைக்கச் சில தறிகளில் ஜக்கார்டுக்கு மோட்டார் வைத்திருக்கிறார்கள். கோர்வையையும் ஒற்றை ஆளே போடுவது மாதிரி ஏதாவது செய்ய முடியாதா?

அவர் சிரித்தார். "செய்யலாம் தம்பி. செஞ்சா அப்புறம் இது கைத்தறி இல்லைன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. 1985 சட்டத்தில் கைத்தறி என்றால் விசைத்தறி அல்லாத எந்தத் தறியும். அவ்வளவுதான் வரையறை. அதைக் கொஞ்சம் தளர்த்தி மின்சார உதவியை அனுமதிக்கலாமா என்ற யோசனை சில வருடங்களுக்கு முன் வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பயம் நியாயமானது. ஒரு சின்னக் கதவைத் திறந்தால் விசைத்தறி முழுசாக உள்ளே வந்துவிடும். ஆனால் வாங்குகிற நம்முடைய மனநிலை வேறு. நமக்கு வேண்டியது கை. அது எவ்வளவு கஷ்டப்படுகிறதோ அவ்வளவுக்கு அசல் என்று நினைக்கிறோம். 2015இல் முதல் தேசியக் கைத்தறி நாள் சென்னையில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்ட் 7ஆம் தேதியும் எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் கைத்தறி உடுத்தி வந்து படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் படங்களில் நான் இதுவரை பார்த்ததெல்லாம் கரையின் அழகை மட்டும்தான்.

ஒரு யோசனை தோன்றுகிறது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கோர்வைப் புடவைக்குக் கூலி நிர்ணயிக்கும்போது இரண்டு பேர் கூலியாக நிர்ணயிக்கலாம். சங்கப் புத்தகத்தில் இரண்டு பெயர் எழுதலாம். புவிசார் முத்திரையோடு வரும் அட்டையில் நெய்தவர் பெயர் போடுவதாக இருந்தால், கோர்த்தவர் பெயரும் போடலாம். விலை கூடும். கூடட்டும். அந்த விலையில் கோர்வையை வாங்க ஆள் இருந்தால் அது நிற்கும். இல்லையென்றால், இத்தனை நாள் நாம் வாங்கிக்கொண்டிருந்தது யாரோ ஒருவருடைய கூலியைக் கொடுக்காமல் வாங்கியது என்றாவது தெரியும்.

நண்பனின் தங்கைக்கு அன்று மாம்பழ மஞ்சளில் கத்தரிப்பூக் கரை எடுத்தோம். கடையில் நான் புடவையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தபோது விற்பனையாளர் ஆச்சரியப்பட்டார். "கோர்வைதான் சார், பாருங்க, ஒரு குறை இல்ல" என்றார்.

ராத்திரி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பையன் தூங்கியிருப்பான் என்று அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பீரோவிலிருந்து புடவையை எடுத்துவரச் சொன்னார். மடியில் விரித்து அந்த இடத்தைத் தேடினார். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

"எட்டு வயசா?" என்றார். "இப்ப அவனுக்கு நாப்பத்தெட்டு இருக்கும் இல்ல?"

ஆமாம் என்றேன்.